எந்தக் காலை, டாக்டர்?

கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை மெடிக்கல் கேம்ப் நடக்கும். கேன்டீனுக்குப் பக்கத்து ஹாலில் நாலு மேசை போட்டு எடை, பிரஷர், கண், ரத்தம் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். பத்து நாள் கழித்து ரிசல்ட்டோடு ஒரு டாக்டர் வருவார். போன வருடம் என் தாளைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றினார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1.

"வயசு என்னப்பா?"

"இருபத்தேழு சார்."

"அப்பாவுக்கு சுகர் இருக்கா?"

"இருக்கு சார்."

"5.7 தாண்டினாலே எல்லையில நிக்கறேன்னு அர்த்தம். 6.5 வந்தா சுகர்தான். தினமும் காலையில எழுந்ததும் அரைமணி நேரம் வாக்கிங் போ. விடாம ஆறு மாசம் போ. இறங்கிடும்."

"எந்தக் காலை சார்?"

நான் நக்கல் பண்ணுவதாக அவர் நினைத்துவிட்டார். நிஜமாகவே கேட்டேன். எனக்கு மூன்று விதமான காலை இருக்கிறது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரத்தில் அது விடிகாலை நாலரை மணி இருட்டு. ஐந்து மணிக்கு ஸ்ரீபெரும்புதூர் நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றாக வேண்டும். செகண்ட் ஷிஃப்ட் வாரத்தில் ராத்திரி பதினொன்றுக்கு ரூமுக்கு வந்து, சாப்பிட்டு, துணி துவைத்து, இரண்டு மணிக்குப் படுத்தால் காலை பத்துக்கு விடியும். வெயில் மண்டையைப் பிளக்கும் நேரம். நைட் ஷிஃப்ட் வாரத்தில் மதியம் இரண்டு மணிக்குக் கண் விழிப்பேன். அன்றைக்கு என் காலைச் சாப்பாடு சாம்பார் சாதம்.

"பின்னாடி இருபது பேர் நிக்கறாங்க தம்பி" என்றார் டாக்டர்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னதை எல்லோரும்தான் சொல்கிறார்கள். 'அஞ்சு மணிக்கு எழுந்திரு, வாழ்க்கை மாறும்' என்று ரீல்ஸில் கத்தும் அண்ணன் சொல்கிறார். தன்னம்பிக்கைப் புத்தகம் சொல்கிறது. ஹெச்ஆர் ஒட்டும் போஸ்டர் சொல்கிறது. இவர்கள் எல்லோரும் ஒரே ஆளை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். அவனுக்குத் தினமும் ஒரே நேரத்தில் விடிகிறது. அவன் வீட்டுப் பக்கத்தில் ஒரு பூங்கா இருக்கிறது. அவன் செய்யாமல் போனால் அதற்கு ஒரே காரணம் சோம்பேறித்தனம். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரைக்கும், அங்கிருந்து வல்லம் வடகால் வரைக்கும் தேடிப் பாருங்கள். கார், போன், டயர், கண்ணாடி என்று ஷிஃப்ட் போட்டு ஓடும் இந்த ஊர்களில் அந்த ஆள் கிடைக்க மாட்டான். இல்லாத ஆளுக்கு எழுதிய அறிவுரையை இருக்கிற ஆள்மேல் சுமத்திவிட்டு, அவன் தவறும்போது 'ஒழுக்கம் இல்லை' என்கிறோம். இந்தக் கட்டுரை அந்தத் தீர்ப்பை எதிர்த்து.

முதலில் என் தோல்விக் கணக்கு. கேம்ப் முடிந்த வாரமே ஜிம்மில் சேர்ந்தேன். வருடத்துக்குக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள், கட்டினேன். ஆறு நாள் ஒழுங்காகப் போனேன். திங்கட்கிழமை ஷிஃப்ட் மாறியது. ஜிம் திறக்கும் நேரத்தில் நான் பஸ்ஸில் இருந்தேன். அடுத்த சுற்றில் மறுபடி தொடங்கி ஐந்து நாள். மறுபடி திங்கட்கிழமை. மூன்று மாதத்தில் நான் ஜிம்முக்குப் போன நாட்களைப் பிறகு காலண்டரில் வட்டமிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அறுந்தது ஷிஃப்ட் மாறிய அன்றைக்கு. அதுவரைக்கும் நானும் என்னைச் சோம்பேறி என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். காலண்டர் வேறு கதை சொன்னது.

'21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்' என்பார்கள். இந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதிய புத்தகத்திலிருந்து. ஆபரேஷன் ஆனவர்களுக்குத் தங்கள் புது முகம் பழக ஏறக்குறைய 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்தார். 'ஆவது' என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துபோய், அது உடற்பயிற்சி மந்திரமாகிவிட்டது. பத்தாயிரம் காலடிக் கணக்கும் இதே ரகம்தான். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு வருடம், 1965இல், ஒரு ஜப்பானியக் கம்பெனி விற்ற காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. எங்கள் லைனில் போனைச் செக்யூரிட்டியிடம் லாக்கரில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆகவே என் போனைப் பொறுத்தவரை நான் தினமும் எட்டு மணி நேரம் ஒரு இரும்புப் பெட்டிக்குள் அசையாமல் கிடக்கிறேன்.

பழக்கம் எப்படி உருவாகிறது என்று நிஜமாகவே அளந்து பார்த்தவர்கள் உண்டு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழக ஆன நாள், நடுவாகப் பார்த்தால் 66. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. இடையில் ஒருநாள் விட்டுப்போனால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை என்பதும் அதில் இருக்கிறது. 'ஒருநாள் விட்டால் எல்லாம் போச்சு' என்று மிரட்டும் அண்ணன்கள் இந்த வரியைப் படிப்பதில்லை.

66 நாள் என்றால் ஒன்பது வாரத்துக்கு மேல். வாரா வாரம் ஷிஃப்ட் மாறும் ஒருவனுக்கு ஒரு பழக்கம் வேர்பிடிப்பதற்குள் ஒன்பது முறை நாள் தலைகீழாகப் புரளும். தூக்கம், பசி, மலம் கழிக்கும் நேரம் எல்லாம் புரளும். நட்ட செடியை வாரம் ஒருதரம் பிடுங்கி வேறு இடத்தில் நட்டுவிட்டு, 'ஏன் வளரலை?' என்று செடியைக் கேட்பது மாதிரி இது.

அதே ஆய்வில் எனக்கு உதவியதும் ஒன்று இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உட்காரும் கதை.

என் வேலை திரை பார்ப்பது. சர்க்யூட் போர்டை மெஷின் படம் எடுக்கும். சந்தேகமான இடத்தைச் சிவப்புக் கட்டம் போட்டுக் காட்டும். நான் பார்த்து 'சரி' அல்லது 'தவறு' பொத்தானை அழுத்துவேன். ஜன்னல் இல்லாத ஹால். வெளியே மழையா வெயிலா என்று டீ பிரேக்கில் யாராவது நனைந்து வந்தால்தான் தெரியும். எட்டு மணி நேர ஷிஃப்ட், பஸ்ஸில் போக வர ஒன்றரை மணி நேரம், ரூமுக்கு வந்தால் கட்டில். ரூமில் நாற்காலி கிடையாது. மூன்று பேர் கட்டில் போட்ட பிறகு நடக்க இடமும் கிடையாது.

"நாங்க நின்னுட்டே வேலை பார்க்கிறோம், நீ உட்கார்ந்து சம்பாதிக்கிற, கொடுத்து வெச்சவன்டா" என்பான் அசெம்பிளி லைனில் இருக்கும் என் ரூம்மேட். அவனுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகத் தெரியும். உழைக்கிற உடம்புக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு: கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வந்தது. ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு இதயத்துக்கு நன்மை. வேலையில் உடம்பை அதிகம் வருத்தியவர்களுக்கு ஆபத்துதான் கூடியிருந்தது. அவனும் நானும் ஒரே பஸ்ஸில்தான் திரும்புகிறோம். ஒருவன் நின்று கெடுகிறான், ஒருவன் உட்கார்ந்து கெடுகிறான்.

உட்காரும் வேலை உடம்பை என்ன செய்கிறது என்பதை உலகத்துக்கு முதலில் அழுத்தமாகக் காட்டியது ஒரு பஸ். 1953இல் லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற டாக்டர், டபுள் டெக்கர் பஸ் ஊழியர்களின் இதய நோயைக் கணக்கெடுத்தார். ஒரே பஸ், ஒரே புகை, கிட்டத்தட்ட ஒரே சம்பளம். உட்கார்ந்தே இருந்த டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கிழித்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவு. மோரிஸ் அதோடு நிற்கவில்லை. டிரைவர்கள் வேலைக்குச் சேரும்போதே இடுப்பு பருத்தவர்களா என்று அவர்களின் யூனிஃபார்ம் அளவுகளைத் தேடிப் பார்த்தார். ஓரளவுக்கு ஆம் என்று வந்தது. அதையும் 1956இல் மறைக்காமல் எழுதினார். அதற்குப் பிறகும் எத்தனையோ ஆய்வுகள் வந்து அந்த அடிப்படையை உறுதி செய்தன.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், அந்தக் கண்டக்டர்கள் யாரும் அஞ்சு மணிக்கு எழுந்து உறுதிமொழி எடுக்கவில்லை. அவர்கள் டிரைவர்களைவிட ஒழுக்கமானவர்களும் இல்லை. அவர்களின் சம்பள நேரத்துக்குள்ளேயே ஒரு மாடிப்படி இருந்தது, அவ்வளவுதான்.

"போலீஸ்லயும் ராணுவத்திலயும் நைட் டியூட்டி இல்லையா? அவங்க பண்றாங்களே" என்று எங்கள் சூப்பர்வைசர் ஒருதரம் கேட்டார். நல்ல கேள்வி. அங்கே பரேடும் பி.டி.யும் டியூட்டியில் சேர்த்தி. அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம். எங்களுக்கும் அப்படிக் கொடுங்கள், செய்கிறோம்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று தேடினேன். 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி தரச் சொன்னது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்காகத் தமிழ்நாடு 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைக் கொடுத்தது. இரண்டும் நியாயமானவை, போராடிப் பெற்றவை. ஆனால் உட்கார்ந்தே கிடப்பவன் எழுந்து நடக்க ஐந்து நிமிஷம் உண்டா? அந்தக் கேள்வி இன்னும் யார் மேசைக்கும் போகவில்லை. 1948இல் இந்த மாதிரித் திரை பார்க்கும் வேலை இல்லை, மன்னிக்கலாம். இன்றைக்கு இந்த வட்டாரத்தில் எத்தனை ஹால்களில் எத்தனை பேர் திரை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்?

சரி, வேலையை விட்டு வெளியே வந்து நடக்கலாம் என்றால், எங்கே? ஒரகடம் சந்திப்பில் நின்று பாருங்கள். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோவில் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம். கன்டெய்னர் லாரிகளும், புதுக் கார்களை அடுக்கிய டிரெய்லர்களும் போகும். சாலையை வடிவமைத்தவர் மனதில் லாரி இருந்திருக்கிறது, கார் இருந்திருக்கிறது. மனிதக் கால் இருந்ததற்கான தடயம் குறைவு. சிப்காட் உள்சாலைகளில் ராத்திரி நடந்தால் நாய்கள் கூடவே வரும்.

எனக்கே இப்படி என்றால் ஹாஸ்டலில் இருக்கும் பெண்களுக்கு? வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை அரசு 2024 ஆகஸ்டில் திறந்தது. வாடகை ரூம்களிலும் தனியார் ஹாஸ்டல்களிலும் நெருக்கியடித்துக் கிடந்தவர்களுக்கு அது பெரிய விஷயம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பக்கத்து ஹாஸ்டல் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். பஸ் வாசலில் ஏற்றும், வாசலில் இறக்கும், பிறகு கேட் பூட்டு. பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு பெண்ணின் நாள் முழுவதும் கட்டில், பஸ், ஸ்டூல், பஸ், கட்டில் என்று முடிகிறது. 2022இல் இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதிய உடலசைவு இல்லை என்று லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57. இந்த 15 சதவீத இடைவெளியைச் சோம்பேறித்தனத்தால் விளக்க முடியுமா? பெண்கள் ஆண்களைவிடச் சோம்பேறிகள் என்று எந்த வீட்டில் இருந்துகொண்டு சொல்வீர்கள்?

அரசு சும்மா இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தொடங்கினார்கள். நல்ல திட்டம். ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று. அதில் போய் நடக்க நான் முதலில் ஒரு பஸ் பிடிக்க வேண்டும்.

எங்கள் ஊரில் பிறந்தவர் ராமானுஜர். ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்கு, நம்பியிடம் மந்திரத்தின் பொருள் கேட்டு, பதினெட்டு முறை நடந்தார் என்பது வைணவர்கள் சொல்லும் வரலாறு. கோயில் உபன்யாசத்தில் இதை விடாமுயற்சிக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு இப்போதெல்லாம் வேறொன்று தோன்றுகிறது. அவருக்குப் போய்ச் சேர ஒரு இடம் இருந்தது. நடந்து போனால் போய்ச் சேரக்கூடிய ஒரு பாதையும் இருந்தது. பதினேழு தரம் வெறுங்கையோடு திரும்பியவரை யாரும் ஒழுக்கம் கெட்டவர் என்று சொல்லவில்லை.

இங்கே தோழர் ஒருவர் குறுக்கிடுவார். அவரும் என் லைன்தான். "கரெக்ட். எல்லாம் சிஸ்டம் பிரச்சினை. சிஸ்டம் மாறாம தனியாளா வாக்கிங் போறது பூர்ஷ்வா வேலை" என்பார். சொல்லிவிட்டு மூன்றாவது டீக்குச் சர்க்கரை போடுவார். அவரோடும் எனக்குச் சண்டை உண்டு. சிஸ்டம் மாறும்வரை என் ரத்தம் காத்திருக்காது தோழர். அப்பாவுக்குச் சுண்டுவிரல் எடுத்தபோது நான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தேன். 'முதலில் நீ மாறு' என்பவனும் 'முதலில் உலகம் மாறட்டும்' என்பவனும் சேர்ந்து என்னைக் கட்டிலிலேயே படுக்க வைக்கிறார்கள்.

இப்போது அந்த லண்டன் ஆய்வில் எனக்கு உதவியதைச் சொல்கிறேன். அதில் கலந்துகொண்டவர்கள் 'காலை ஆறு மணிக்கு' என்று முடிவெடுக்கவில்லை. 'சாப்பிட்ட பிறகு' என்பது போல, தினமும் எப்படியும் நடக்கும் ஒரு காரியத்தோடு புதுப் பழக்கத்தை முடிச்சுப் போட்டார்கள். என் நாளில் கடிகாரம் புரண்டாலும் சில காரியங்கள் புரளாது. எழுந்திருப்பேன். குளிப்பேன். கேன்டீனில் சாப்பிடுவேன். பஸ்ஸிலிருந்து இறங்குவேன். மணி என்னவானாலும் இவை நடக்கும்.

எனவே கடிகாரத்தை விட்டுவிட்டேன். எழுந்ததும், அது நாலரையோ மதியம் இரண்டோ, பல் தேய்ப்பதற்கு முன்னால் இருபது தோப்புக்கரணம். அதற்குக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடம் போதும். கேன்டீனில் அரைமணி நேர பிரேக். வரிசைக்குப் பத்து நிமிஷம், சாப்பிட பன்னிரண்டு, மிச்சம் எட்டு. அந்த எட்டு நிமிஷம் லோடிங் ஷெட் வரை வேகமாகப் போய் வருவேன். சாப்பிட்டவுடன் நீண்ட நேரம் உட்காராமல் இடையிடையே இரண்டு நிமிஷம் நடந்தாலே ரத்தச் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று 2012இல் ஆஸ்திரேலியாவில் ஒரு சின்ன ஆய்வு காட்டியது. 19 பேர்தான், ஆனாலும் எனக்குப் போதும். ஃபர்ஸ்ட் ஷிஃப்டிலும் நைட் ஷிஃப்டிலும் திரும்பும்போது ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிடுவேன். செகண்ட் ஷிஃப்டில் மட்டும் இல்லை, ராத்திரி பதினொன்றுக்கு நாய்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஏழு மாதம் ஆகிறது. முப்பது தரம் ஷிஃப்ட் மாறியிருக்கும். அறுந்த வாரங்களும் உண்டு. டெங்கு வந்த பத்து நாள், அக்கா கல்யாணம். ஆனால் திங்கட்கிழமைகளில் அறுவதில்லை. வாரத்துக்கு நூறு நிமிஷம் தேறும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது குறைந்தது 150. மீதி ஐம்பது நிமிஷத்தை நான் கம்பெனியிடம் கேட்கிறேன்.

கணக்கு இதுதான். ஒரு ஷிஃப்டுக்கு 480 நிமிஷம். அதில் பத்துப் பத்து நிமிஷமாக இரண்டு தரம், சம்பளத்தோடு, எழுந்து நடக்க. இருபது நிமிஷம், நாலு சதவீதம். வாரம் ஆறு நாளுக்கு 120 நிமிஷம். ஜப்பானில் 1928 முதல் ரேடியோவில் உடற்பயிற்சி ஒலிக்கிறது. அங்கே தொழிற்சாலைகளில் வேலை தொடங்கும் முன் எல்லோரும் கையைக் காலை ஆட்டுவது பழைய வழக்கம். 'ஷிஃப்டுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே வாங்க, எக்சர்சைஸ் பண்ணலாம்' என்று அதை இங்கே கொண்டு வந்தால், அது என் தூக்கத்தில் எடுத்த பத்து நிமிஷம். அது வேண்டாம். 480க்குள் கொடுங்கள். ஷிஃப்டை வாரா வாரம் புரட்டாமல் கொஞ்சம் நிதானமாக மாற்றுங்கள். சிப்காட் சாலையில் விளக்கோடு ஒரு நடைபாதை போடுங்கள். ஹாஸ்டல் கேட்டைப் பூட்டுவதற்குப் பதில் வெளியே வெளிச்சம் போடுங்கள்.

சின்னக் கோரிக்கை என்று தோன்றும். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் சட்டத்திருத்தம் இதே மாநிலச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. எட்டைப் பன்னிரண்டாக்கப் பார்த்த இடத்தில் இருபது நிமிஷம் கேட்பது எவ்வளவு பெரிய கோரிக்கை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

போன வாரம் இந்த வருடக் கேம்ப். அதே டாக்டர். சர்க்கரை 5.9. இறங்கியது 0.2. நடையாலா, ராத்திரி பரோட்டாவை விட்டதாலா, சொல்லத் தெரியாது. எல்லைக்குள் இன்னும் வரவில்லை.

"பரவாயில்லையே. காலையில வாக்கிங் போறியா?"

"சாப்பிட்டதும் போறேன் சார். எப்ப சாப்பிட்டாலும்."

அவர் பேனாவை எடுத்தார், யோசித்தார். பிறகு எனக்கு அடுத்து நின்ற பெண்ணைப் பார்த்து, சர்க்கரை அளவைச் சொல்வதற்கு முன்னால் கேட்டார்: "உனக்கு இந்த வாரம் எந்த ஷிஃப்டும்மா?"